முக்கா ஹெட்டிலிருந்து பார்த்தால் கடாரம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஜார்ஜ் டவுனிலிருந்து புறப்படும் 101ஆம் எண் பஸ் பத்து பெரிங்கி ஹோட்டல்களை எல்லாம் கடந்து தெலுக் பாஹாங்கில் நின்றுவிடும். பினாங்குக்காரர்கள் பலருடைய ஊர் ஞானமும் அங்கேயே நின்றுவிடுகிறது என்று நான் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். கடற்கரையில் காற்று வாங்குவார்கள், மீன் சாப்பிடுவார்கள், அடுத்த பஸ்ஸில் வீடு திரும்புவார்கள். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பினாங்கு தேசியப் பூங்காவின் வாசல் இருக்கிறது. அதற்கு அப்பால் தீவின் வடமேற்கு மூலை முழுவதும் கார் போகும் சாலை இல்லாத காடு. அந்த மூலையில் நடப்பதைப் பற்றிப் பேசத்தான் என்னை இன்று இங்கே அழைத்திருக்கிறார்கள்.

நெடுங்காலம் பந்தாய் ஆச்சே வனக்காப்பகமாக இருந்த இடம் இது. 2003 ஏப்ரலில் தேசியப் பூங்கா ஆனது. தேசியப் பூங்கா என்றதும் பகாங் மாநிலத்துப் பெருங்காட்டை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். இங்கே யானையும் இல்லை, புலியும் இல்லை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், இரண்டுக்கும் நடுவே கிடைத்த இடுக்கில் பாதை. எனக்கு அது போதும்.

வாசல் அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும். தொடக்கத்தில் கடலை ஒட்டிச் சமமான நடை. ஒரு தொங்கு பாலத்தைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் மலையைக் கடந்து கெராச்சூட் கடற்கரைக்குப் போகும். வலப்பக்கம் கரையை ஒட்டியே தெலுக் துக்குன், தெலுக் ஆலிங், தெலுக் டுயோங் என்று ஒவ்வொரு குடாவாகக் கடந்து முக்கா ஹெட் முனைக்குப் போகும். நான் சொல்லப்போவது வலப்பக்கத்துப் பாதையை.

பாதை என்று சொல்வதே ஒரு மரியாதைக்காகத்தான். கொஞ்ச தூரம் மண், பிறகு வேர். காலங்காலமாக மிதிபட்டு வழவழப்பாகிவிட்ட வேர்கள் தாமாகவே படிக்கட்டு போல் அமைந்திருக்கும். மழை பெய்த மறுநாள் அவற்றின் மேல் கால் வைத்தால் வழுக்கும். வேருக்கும் வேருக்கும் இடையில் உள்ள மண்ணில்தான் மிதிக்க வேண்டும். சில இடங்களில் பாறைமேல் கைகளையும் ஊன்றி ஏறி இறங்க வேண்டியிருக்கும். பினாங்குத் தீவே கருங்கல் தீவு. அலை தின்று உருட்டிப் போட்ட பெரும்பாறைகள் ஒவ்வொரு குடாவின் இரு முனைகளிலும் குவிந்து கிடக்கின்றன. ஒரு குடாவிலிருந்து அடுத்ததற்குப் போக, அந்த முனையின் முதுகில் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். தெலுக் டுயோங் வரை தூரம் ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர்தான். ஆனால் நகரத்து நடைபாதையில் மூன்றரைக் கிலோமீட்டர் நடக்கும் நேரத்தை இதற்குக் கணக்கு வைத்தால் மதியச் சாப்பாடு தள்ளிப்போய்விடும்.

இந்த ஏற்ற இறக்கத்தில் மூச்சு வாங்க நிற்கும்போதுதான் காடு கண்ணில் படும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள கறுத்த இலைக்குரங்கு இங்கே உண்டு. மூக்குக்கண்ணாடி போட்ட கணக்குப்பிள்ளை போல ஒரு பார்வை பார்க்கும். அதன் குட்டியை முதன்முறை பார்ப்பவர்கள் வேறு ஏதோ விலங்கு என்றே நினைப்பார்கள், ஏனென்றால் குட்டி பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். கறுத்த தாயின் வயிற்றை அது கட்டிக்கொண்டிருக்க, தாய் இளந்தளிராகப் பார்த்துப் பொறுக்கிக் கிள்ளித் தின்றுகொண்டிருக்கும். நீங்கள் கீழே நிற்பதை அவை பொருட்படுத்துவதில்லை. வால் நீண்ட சாம்பல் குரங்குகளின் சங்கதி வேறு. பிளாஸ்டிக் பை சரசரக்கும் ஓசை அவற்றுக்குப் பூசை மணி. நாம்தான் கெடுத்து வைத்திருக்கிறோம். பையைக் கையில் தொங்கவிடாமல் முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள்.

தெலுக் ஆலிங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம் இருக்கிறது. அதைக் கடந்து தெலுக் டுயோங் போய்ச் சேர்ந்தால் படகுகளில் வந்து இறங்கியவர்களின் ஆரவாரம் காத்திருக்கும். மங்கி பீச் என்று சுற்றுலாக்காரர்கள் கொண்டாடும் இடம் அதுதான். மணல் அழகானது, மறுக்கவில்லை. ஆனால் நடந்து வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இங்கே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். உணவுப் பொட்டலத்தைப் பிரித்து, நாலு படம் பிடித்து, படகேறி விடுகிறார்கள். பார்க்க வேண்டியது இதற்கு மேலேதான் இருக்கிறது.

குடாவின் கோடியிலிருந்து ஒரு செங்குத்தான ஏற்றம். கடல் மட்டத்திலிருந்து 242 மீட்டர். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறிவிட்டு, இறங்கி வந்து தண்ணீர்ப் பந்தலில் வேலையும் பார்க்கிற நம்மவர்களுக்கு இது பெரிய காரியமே இல்லை. மேலே 1883இல் ஆங்கிலேயர் கட்டிய முக்கா ஹெட் கலங்கரை விளக்கம் நிற்கிறது. 14 மீட்டர் உயரம். குன்றே வேண்டிய உயரத்தைத் தந்துவிட்டதால் கோபுரத்தை உயர்த்த வேண்டிய அவசியம் அவர்களுக்கு ஏற்படவில்லை. அதற்கு முந்திய ஆண்டுதான் ஜார்ஜ் டவுனில் கார்ன்வாலிஸ் கோட்டை அருகே ஒரு விளக்குக் கம்பம் நிறுத்தினார்கள். துறைமுகத்துக்குள் வருகிற கப்பலுக்கு அது. வங்கக் கடலைக் கடந்து மலாக்கா நீரிணைக்குள் நுழையும் கப்பலுக்கு முக்கா ஹெட். கோபுரத்துக்குள் ஏற எல்லா நாளும் அனுமதி கிடைத்துவிடாது. கிடைக்காவிட்டாலும் நட்டம் இல்லை.

வானம் தெளிவாக இருக்கும் நாளில், இந்தக் கரையில் வடகிழக்கு திறந்திருக்கும் இடமாகப் பார்த்து நின்று கடலுக்கு அப்பால் பாருங்கள். கெடா மாநிலத்தின் தட்டையான நெல்வயல் கரையிலிருந்து ஒரே ஒரு மலை தனியாக எழுந்து நிற்கும். அதுதான் குனோங் ஜெராய், 1,217 மீட்டர். ஆங்கிலேயர் விளக்கேற்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, மாலுமிகளுக்குக் கரை காட்டியது அந்த மலை. நாகப்பட்டினத்திலிருந்தோ இலங்கையிலிருந்தோ கிளம்பி, தென்மேற்குப் பருவக்காற்றைப் பாயில் பிடித்து, நிக்கோபார்த் தீவுகளைக் கடந்து கிழக்கே வந்தவர்களுக்கு இந்தப் பக்கத்து அடையாளம் ஜெராய். திரும்பிப் போக வடகிழக்குக் காற்று வீசும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் துறைமுகங்களை ஊராக்கியது. ஜெராயின் அடிவாரத்தில், மெர்போக் ஆற்றையும் பூஜாங் ஆற்றையும் ஒட்டி, அப்படி உருவான ஊர்களின் அடித்தளங்கள் இன்றும் மண்ணுக்குள் இருக்கின்றன.

நம் கல்வெட்டுகள் கடாரம் என்று சொல்லும் நாடு அது. 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பாடும் முதலாம் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரத்துக்கு அடுத்தபடியாக, ‘தொடுகடற் காவற் கடுமுரட் கடாரம்’ என்று வருகிறது. நக்கவாரம் என்றால் நிக்கோபார். கடலே காவலாக நின்ற கடாரம் என்று எழுதியவன் கப்பலில் வந்தவர்களிடம் கேட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். முக்கா ஹெட் குன்றில் ஏறிவிட்டு அந்த வரியைப் படித்தால் திசை சரியாக விளங்குகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜெராய் அடிவாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் கிடைத்திருக்கும் பழங்கோயில்களை எல்லாம் ராஜேந்திரன்தான் கட்டினான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஆண்டுக்கு இரண்டு முறையாவது எனக்கு வந்துவிடுகிறது. அனுப்புகிறவர்கள் நல்ல மனத்தோடுதான் அனுப்புகிறார்கள். மெய்க்கீர்த்தி சொல்வது கடாரத்தை வென்றதை. கட்டியதாக ஒரு சொல்லும் அதில் இல்லை. அந்தப் படையெடுப்புக்கு முன்பே இந்த மண்ணில் துறைமுகம் இருந்தது, பௌத்தமும் சைவமும் இருந்தன. 1834இல் ஆங்கிலேய அதிகாரி கர்னல் ஜேம்ஸ் லோ, தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையில் கண்டெடுத்த கல்வெட்டு ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. புத்தகுப்தன் என்ற பெருமாலுமி தன் பயணம் கைகூட வேண்டும் என்று வேண்டிப் பொறித்தது. அவன் சொந்த ஊர் ரக்தமிருத்திகை. வங்காளத்தில் இருந்ததாக அறிஞர்கள் கருதுகிறார்கள். கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில். தமிழர் வந்தனர், வங்காளியர் வந்தனர், சீனர் வந்தனர், அரபு நாட்டுப் பண்டம் வந்தது, உள்ளூர்க்காரர்கள் இவர்கள் எல்லோரோடும் வியாபாரம் செய்தார்கள். எனக்கு இந்தச் சந்தடி நிறைந்த கடாரம்தான் பிடிக்கிறது. ஒரே ராஜா வந்து ஒரே வீச்சில் கட்டிப்போன கடாரத்தில் கதை குறைவு.

ஆகவே முக்கா ஹெட் போய் வந்தவர்கள் அடுத்த வாரமே மெர்போக் போய்விடுங்கள் என்று சொல்வேன். பாலத்திலோ பெர்ரியிலோ கடந்து, சுங்கை பட்டாணி வழியாகப் போனால் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம். அதை ஒட்டிய சரிவில் சண்டி புக்கிட் பத்து பகாட். சண்டி என்றால் இங்கே பழங்கோயில். 1930களில் தொல்லியல் ஆய்வாளர்களான குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் அதை அகழ்ந்தனர். 1959, 60இல் அலஸ்டேர் லாம்ப் கற்களை மீண்டும் அடுக்கி நிறுத்தினார். நம்மூர்க் கோயிலில் பழகிய கண்ணுக்கு அமைப்பு உடனே பிடிபடும். கருவறை பின்னால், மண்டபம் முன்னால். கோபுரம் எங்கே என்று தேடாதீர்கள். மண்டபத் தரையில் வரிசையாகக் கிடக்கும் வட்டமான கற்களைக் குனிந்து பாருங்கள். மரத்தூண்களைத் தாங்கிய பீடக் கற்கள் அவை. கூரை மரத்தால் ஆனது; மட்கிப் போய்விட்டது. சிற்பி இந்தியக் கோயிலைத் தெரிந்தவன், கூரை போட்ட தச்சன் இந்த ஊர் மழையைத் தெரிந்தவன். ஓடை குளிர்ச்சியாகப் பக்கத்திலேயே ஓடுகிறது. அருங்காட்சியகத்தைச் சுற்றியுள்ள மற்றச் சில சண்டிகள் வேறிடங்களிலிருந்து பெயர்த்து வந்து அமைக்கப்பட்டவை. இது ஒன்று தான் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சற்றுத் தள்ளி சுங்கை பத்துவில் 2009 முதல் நடந்த அகழ்வில் இரும்பு உருக்கிய களங்களும், உலைக்குக் காற்று ஊதிய களிமண் குழல்களும், செங்கல் கட்டுமானங்களும் வெளிப்பட்டன. கோயிலைவிட இந்தக் குழல்கள்தான் என்னை அதிகம் கவர்கின்றன. கும்பிட வந்தவர்களை மட்டும் வைத்து எந்தத் துறைமுகமும் பிழைத்ததில்லை.

அந்தப் பகுதியிலேயே பதினொன்றாம் எண் சண்டி என்று ஒன்று இருந்தது. வீடமைப்புக்காக நிலத்தைச் சமன் செய்தபோது அது இடிக்கப்பட்டுவிட்டது. 2013 டிசம்பரில்தான் விஷயம் வெளியே தெரிந்து நாடே கூச்சலிட்டது. இது புதுக் கதையும் இல்லை. பினாங்கு மாநிலத்தின் வடகோடியில், மூடா ஆற்றங்கரையில் குவார் கெப்பா என்ற இடத்தில் கற்கால மனிதர்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் மேடு மேடாக இருந்தன. பிற்காலத்தில் வந்தவர்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போய்ச் சுண்ணாம்பு காய்ச்சினார்கள். அப்படியும் 2017இல் அங்கே கட்டுமான வேலையின்போது ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. ஐயாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. சுண்ணாம்புச் சூளைக்குத் தப்பியதே பெரிய அதிர்ஷ்டம்.

சரி, காட்டுக்குத் திரும்புவோம். போக நினைப்பவர்கள் வீட்டில் பசியாறிவிட்டு, வாசல் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் குன்றேறுவது வீண் தண்டனை. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். நல்ல பிடிப்புள்ள காலணி போடுங்கள். கோயில் செருப்பு வேண்டாம். பலத்த மழைக்குப் பிறகு மண் சரிந்து பாதையின் சில பகுதிகளை மூடி வைப்பதுண்டு, ஆகையால் வாசலில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அடைப்புப் பலகையைச் சுற்றிக்கொண்டு போகும் வீரம் வேண்டாம். இடப்பக்கத்துக் கெராச்சூட் பாதையைத் தேர்ந்தெடுத்தால் அங்கே ஆமை பாதுகாப்பு நிலையம் உண்டு, மேலே நன்னீரும் அடியில் உப்புநீருமாகக் கலக்காமல் நிற்கும் ஓர் ஏரியும் உண்டு. மழைக்காலம் இல்லாதபோது போனால் வெறும் சேற்றைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். அங்கே கடலில் இறங்கி நீந்த வேண்டாம், நீரோட்டம் மோசம்.

திரும்பும்போது தெலுக் டுயோங்கிலிருந்து படகு பிடிப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கால் ஓய்ந்தவர்கள் தாராளமாக ஏறலாம். நடந்து கடந்த முனைகளைக் கடலிலிருந்து பார்த்தால் கரையின் வடிவம் முழுதாகத் தெரியும், அதற்காகவே நான் சில சமயம் ஏறுவதுண்டு. எத்தனை வெள்ளி என்பதை மட்டும் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.