மண் குடித்த சிவப்பு

வணக்கம். தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து இப்போதுதான் கால் நீட்டியவர்களும், அடுப்படியில் நின்றபடி கேட்பவர்களும் இருப்பீர்கள். இன்று சாயத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். தேத்தண்ணிச் சாயம் இல்லை, துணிச் சாயம்.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பீலியில், அதாவது மலைத் தண்ணீர் குழாயாய் விழும் இடத்தில், அம்மா துணி துவைத்தார். புதுச் சிவப்புச் சீத்தைத் துணியோடு என் வெள்ளைப் பள்ளிச் சட்டையும் ஊறிவிட்டது. இருந்தது அந்த ஒரே சட்டை. மறுநாள் பள்ளிக்கூடம். அம்மா சவர்க்காரம் போட்டுப் போட்டு அலச, சிவப்புத் தண்ணீர் கானில், அந்த வடிகாலில், ஓடியது. நான் அதன் பின்னாலேயே போனேன். கான் ஓரிடத்தில் இடிந்திருந்தது. தண்ணீர் செம்மண் மேட்டுக்குள் இறங்கி, கீழே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் கசிந்து வந்தது. அங்கே சிவப்பே இல்லை! ஓடிவந்து சொன்னேன். “மண்ணு குடிச்சிருச்சுடா” என்றார் அம்மா.

அந்தச் சொல்லை நான் விடவே இல்லை. பிறகு இரசாயனம் படித்ததும் அதனால்தான்.

மண் குடிக்கவில்லை, பிடித்துவைத்தது. வேறு தண்ணீர் கலந்து வெளுத்தது ஒரு பங்கு, மண் பிடித்தது ஒரு பங்கு. நம் செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஒட்சைட்டுதான், இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்த துருப் போன்ற பொருள். பருத்தித் துணிக்குப் போடும் செயற்கைச் சாயங்களில் பெரும்பாலானவை தண்ணீரில் எதிர் மின்னேற்றத்தோடு இருக்கும். புளிப்பான தண்ணீரில் இரும்பு ஒட்சைட்டின் மேற்பரப்பு நேர் மின்னேற்றம் பெறும். அப்புறம் என்ன, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சவர்க்காரத் தண்ணீர் காரம், புளிப்புக்கு எதிரானது, அதில் இந்தப் பிடி தளரும். ஆனால் தேயிலை வளரும் மண் புளிப்பு மண். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (7க்குக் கீழே போகப் போகப் புளிப்பு) 4.5 முதல் 5.5 வரை இருந்தால்தான் தேயிலைக்குப் பிடிக்கும். அன்றைக்கு அந்த மேடுதான் காரத்தை அடக்கிச் சாயத்தைப் பிடித்தது.

செயற்கைச் சாயம் பிறந்த கதையிலும் நம் இலங்கை மலைநாட்டுக்கு ஒரு தொடர்பு உண்டு. 1856இல் இலண்டனில் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது இளைஞர், மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தார். கிடைத்ததோ ஊதாச் சாயம். குயினைன் வருவது சிங்கோனா மரப்பட்டையிலிருந்து. அந்த மரத்தை வளர்த்துப் பார்க்கத்தான் 1861இல் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஹக்கலைத் தோட்டம் தொடங்கினார்கள். அங்கே பூ பார்க்கப் போகும்போதெல்லாம் எனக்குப் பெர்கின் நினைவு வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த மண் செய்ததையே நாமும் செய்து, சாயத் தண்ணீரைச் சுத்தப்படுத்தலாம். சாயம் ஒட்ட இடம் வேண்டும். கட்டியான ஒட்சைட்டில் வெளிப்புறம் மட்டுமே உண்டு. ஆய்வுகூடத்தில் அதையே ஆப்பம் போல உள்ளெல்லாம் துளையாக ஆக்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத துளைகள். இரும்பைப் போல அலுமினியத்துக்கும் ஒட்சைட்டு உண்டு. அப்படித் துளையாகச் செய்த அலுமினியம் ஒட்சைட்டு ஒரே ஒரு கிராம் எடுத்தால், துளைச் சுவர்களையும் சேர்த்து ஏறக்குறைய 200 சதுர மீற்றர் பரப்பு வரலாம். நம்முடைய பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவின், அதாவது தோட்ட வரிசை வீட்டு அறையின், தரையோடு ஒப்பிட்டால், 18 காம்பரா! ஒரு சிட்டிகைத் தூளுக்குள் அத்தனை காம்பரா. துளை மட்டும் சாயத்தின் மூலக்கூறைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். வாசல் சிறுத்தால் உள்ளே இடமிருந்தும் பயனில்லை.

இதை ஏன் மலையில் இருந்துகொண்டு பேசுகிறேன்? மகாவலியும் களனியும் புறப்படுவது இங்கேதான். சோப்புக்கும் வெயிலுக்கும் போகக்கூடாது என்றே செய்த சாயம் ஆற்றிலும் எளிதில் போகாது. தண்ணீருக்குள் வெளிச்சம் இறங்காமல் மறைக்கும்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சுருக்கமாக ஒன்று. மண் பிடித்துவைத்தது என்றேன், அழித்தது என்று சொல்லவில்லை. சாயம் பிடித்த அந்தத் துளைத் தூளைக் காரத் தண்ணீரில் கழுவினால் சாயம் கழன்றுவிடும், தூளை மறுபடி பயன்படுத்தலாம். ஆனால் கழுவிய சாயம் கையில் மிஞ்சும். அதை உடைக்க டைட்டேனியம் ஒட்சைட்டு உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அது சாய மூலக்கூறையே துண்டாக்கும். அதற்கான கனிமம் நம் புல்மோட்டைக் கடற்கரை மணலில் இருக்கிறது. அந்த மணலைப் பற்றியே பத்து நிமிடம் பேச எழுதி வந்தேன், தாள் கையிலேயே இருக்கிறது. வணக்கம்.