சுடுமணலும் இரண்டு வலிகளும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சித்திரை மாத நண்பகலில் மெரினா மணலில் செருப்பில்லாமல் கால் வைத்தால் என்ன நடக்கிறது என்று சற்று நிதானமாகக் கவனிப்போம். பாதம் பட்டதும் கால் வெடுக்கென்று மேலெழுகிறது. சுரீர் என்ற வலி அதற்குப் பிறகே உறைக்கிறது. அது அடங்குவதற்குள் வேறொரு எரிச்சல் மெல்லப் பரவி, நிழலுக்கு வந்த பின்னும் விடாமல் காந்துகிறது. சூடு ஒன்றுதான், பாதமும் ஒன்றுதான். ஆனால் மூன்றும் வெவ்வேறு நேரத்தில் நிகழ்கின்றன.

காரணத்தை நரம்புகளில் தேடுவோம். ஓய்வில் இருக்கும் நியூரானின், அதாவது நரம்பு செல்லின், உட்புறம், வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் அழுத்தத்தில் இருக்கும். சூடு ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, தோலிலுள்ள நரம்பு முனைகளில் ஒரு வகைப் புரதத் துளைகள் திறந்து, நேர்மின் அயனிகள் உள்ளே பாய்கின்றன. மிளகாய் நாக்கை எரிப்பதும் இதே துளைகளைத் திறந்துதான். இதைக் கண்டறிந்த அமெரிக்க உடலியலாளர் டேவிட் ஜூலியஸ் 2021-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். செல்லின் மின்னழுத்தம் ஒரு வரம்பைக் கடந்ததும் மின்துடிப்பு பிறந்து, ஆக்சான் என்ற நீண்ட நரம்பிழை வழியே அளவு குன்றாமல் ஓடுகிறது. சூடு மிகுந்தால் துடிப்பு பெரிதாவதில்லை, அடுத்தடுத்து விரைந்து வருகிறது, அவ்வளவே.

மையலின் என்ற கொழுப்புப் பொருளாலான மெல்லிய உறையுள்ள இழைகள் இத்துடிப்பை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் கடத்துகின்றன; சுரீர் என்ற முதல் வலி இவற்றின் வழியே வருகிறது. உறையில்லாத இழைகளின் வேகமோ நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் போவதில்லை. பாதத்திலிருந்து தண்டுவடம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவு என்பதால், காந்தும் வலி அரை நொடியோ அதற்கும் மேலோ பிந்துகிறது. காலைத் தூக்கும் ஆணையைத் தண்டுவடமே பிறப்பித்துவிடுவதால், மூளை வலியை உணரும் முன்பே கால் எழுந்துவிடுகிறது.

உளவியல் கற்பிக்கும் எனக்கு இதற்கடுத்த கட்டமே மிக முக்கியமாகப் படுகிறது. இடித்துக்கொண்ட குழந்தையின் முழங்காலைப் பாட்டி நீவிவிட்டால் வலி மெய்யாகவே குறைகிறது. தொடுஉணர்வைக் கொண்டுவரும் தடித்த இழைகள், தண்டுவடத்தில் வலிச் செய்தியை மேலே செல்லவிடாமல் அடக்குகின்றன என்று 1965-இல் மெல்சாக், வால் ஆகிய இரு ஆய்வாளர்களும் விளக்கினர். அந்தக் கோட்பாட்டின் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும், வலி வழியிலேயே கூட்டவும் குறைக்கவும் படுகிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. மூளையும் தன் பங்குக்கு மேலிருந்து எண்டார்ஃபின் போன்ற வேதிப்பொருள்களைச் சுரந்து வலியைத் தணிக்கிறது.

ஆகவே, வலியால் துடிப்பவரிடம் "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்வதை நான் வன்மையாக மறுக்கிறேன். 1978-இல் அமெரிக்காவில் பல் பிடுங்கிக்கொண்டவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. மருந்தே இல்லாத ஊசியால் வலி தணிந்தவர்களுக்கு, எண்டார்ஃபின்களின் செயலைத் தடுக்கும் நாலாக்சோன் என்ற மருந்தைச் செலுத்தியபோது, வலி மீண்டும் கூடியது. வெறும் நம்பிக்கையால் கிடைத்ததாகத் தோன்றிய அந்த நிவாரணமும், நரம்பு செல்களுக்கிடையே சுரந்த ஒரு வேதிப்பொருளின் வேலையாகவே இருந்திருக்கிறது.

நன்றி, வணக்கம்.