வெள்ளக் கோட்டுக்கு மேலே மின்சாரம்

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவ நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் புகுந்ததை இந்த அவைக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. குமரிக்கடல் பகுதியில் நிலவிய காற்றுச் சுழற்சி, பெயர் சூட்டும் அளவுக்குப் புயலாக வலுப்பெறாமலேயே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரும் திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும் மழையைக் கொட்டித் தீர்த்தது. இங்கே திருநெல்வேலியில் சந்திப்பும் மீனாட்சிபுரமும் கைலாசபுரமும் சிந்துபூந்துறையும் தண்ணீரில் நின்றன. மீட்புப் பணிகளைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் பேச வந்தது, தண்ணீர் வடிந்த பிறகு மின்சாரம் திரும்பி வந்த வழியைப் பற்றி.

அந்த நாட்களில் தெருவுக்குத் தெரு ஒரு கேள்வி எழுந்தது. “கம்பம் நிக்கி, கம்பியும் அறுகல, பெறவு ஏன் அண்ணாச்சி கரண்டு விட மாட்டேங்காவ?” என்று கேட்டார்கள். கைக்குழந்தையோடும் படுத்த படுக்கையான முதியவரோடும் இருட்டில் தவித்தவர்கள் கேட்ட அந்தக் கேள்வி முற்றிலும் நியாயமானது. அதற்கு விளக்கமான பதில் சொல்ல அப்போது யாருக்கும் நேரமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைத் தாக்கியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. காற்று செய்யும் சேதம் கண்ணுக்குத் தெரியும்: கம்பத்தை நட்டு, கம்பியை இழுத்துக் கட்டினால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். வெள்ளம் செய்யும் சேதமோ பெட்டிகளுக்குள்ளே ஒளிந்திருக்கிறது. துணைமின் நிலையத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரிலும், வீடுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் தெருவோரப் பில்லர் பாக்ஸிலும் புகுந்த நீர், வடியும்போது சேற்றை விட்டுச் செல்கிறது. ஈரம் காயாமல், மின்சாரம் கசியாமல் தடுக்கும் திறனை, அதாவது காப்புத் தடையை, மெக்கர் கருவியால் சோதிக்காமல் மின்சாரம் கொடுத்தால் சாதனம் வெடிக்கும், அல்லது தேங்கிய நீரில் கால் வைப்பவர் உயிர் போகும்.

இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் துணைமின் நிலையம், அடுத்து அதிலிருந்து புறப்படும் 11 கே.வி. (11,000 வோல்ட்) பீடர் என்னும் மின்பாதை, பிறகு டிரான்ஸ்பார்மர், பில்லர் பாக்ஸ், கடைசியில்தான் நம் வீட்டு மீட்டர். மருத்துவமனைகளுக்கும் குடிநீர் நிலையங்களுக்கும் செல்லும் பாதைகளை முன்னால் எடுத்துக்கொள்வதும் சரிதான். ஆற்றுக்குள் இருக்கும் உறைகிணறுகளும் பம்பு மோட்டார்களும் நின்றுபோனால், ஊரெங்கும் வெள்ளம் இருந்தும் குடிக்கத் தண்ணீர் இருக்காது என்பதை நாம் அனுபவித்தே அறிந்தோம்.

லைன்மேன், அந்தப் பாதையில் சப்ளை நிறுத்தப்பட்டது என்று உறுதி சொல்லும் ‘லைன் கிளியர்’ அனுமதியை வாங்கி, கம்பியைத் தரையோடு இணைத்து எர்த் செய்த பிறகே கம்பத்தில் ஏறுகிறார். இந்த இடத்தில் தாய்மார்களும் வியாபாரிகளும் கவனமாகக் கேட்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைக்காமல் வீட்டிலோ கடையிலோ ஜெனரேட்டரை இணைத்தால், அந்த மின்சாரம் பின்வழியாகத் தெருக் கம்பிக்குப் பாய்கிறது. டிரான்ஸ்பார்மர் அதைத் தலைகீழாக உயர் அழுத்தமாக்கிவிடுகிறது. சப்ளை இல்லையென்று நம்பிக் கம்பியைத் தொடுபவரைக் கொல்ல அது போதும். தெரியாமல் செய்ததுதான் என்றாலும் போன உயிர் திரும்பாது.

வெள்ளம் வடிந்தபின் ஒரு வீட்டில் மெயின் சுவிட்சைத் திறந்து பார்த்தேன். வெளியே பெட்டியைத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். உள்ளே பியூஸ் கட்டையின் பித்தளைத் தகடுகளுக்கு நடுவே வண்டல் விரல் கனத்துக்குப் படிந்து, தொட்டால் ஈரம் ஒட்டியது. சப்ளை வந்ததும் சுவிட்சைப் போடலாம் என்று அந்தக் குடும்பம் காத்திருந்தது. நனைந்த பிரேக்கரையும் சுவிட்சுகளையும் உலர்த்திப் பயன்படுத்தக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஏழை வீட்டுக்கு இது பெருஞ்செலவு. நிவாரணம் கணக்கிடும்போது அரிசி, பாத்திரத்தோடு வீட்டு வயரிங்கையும் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனாலும் என் முதன்மையான வேண்டுகோள் வேறு. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வருகிறதென்றால் உற்சவரையும் பொருள்களையும் மேலக்கோயிலுக்கு எடுத்துச் சென்றுவிடுகிறார்கள். ஆற்றோடு வாழத் தெரிந்த ஊரின் ஏற்பாடு அது. 1992 நவம்பரிலும் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது. 1944 முதல் பாபநாசத்தில் நமக்கு மின்சாரம் தரும் இதே ஆறு மறுபடியும் கரை கடக்கும் என்று தெரிந்திருந்தும், பில்லர் பாக்ஸுகளையும் வீட்டு மீட்டர்களையும் முழங்கால் உயரத்தில் வைத்திருப்பது எந்த வகையில் சரி?

2023இல் நீர் நின்ற மட்டம் பல சுவர்களில் கறையாக இருந்தது, வெள்ளையடித்து மறைத்துக்கொண்டிருக்கிறோம். மறைவதற்கு முன், தெருவுக்கு ஓர் இடத்திலாவது அந்த மட்டத்தை அளந்து, பெயின்டால் கோடு போட்டு வையுங்கள். பில்லர் பாக்ஸின் மேடை, டிரான்ஸ்பார்மர் கட்டமைப்பு, குடிநீர் மோட்டாரின் ஸ்டார்ட்டர், வீட்டு மீட்டர் பலகை ஆகிய அனைத்தும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும் என்று கேட்போம். மீட்டரை இடம் மாற்றுவதற்கு மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதைத் தனித்தனியாக எழுதாமல், தெருக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, வரும் ஐப்பசி அடைமழைக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். எழுதுவதற்கு உதவி தேவைப்படுவோர் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வரலாம். நான் இங்கேயே இருக்கிறேன்.