எய்வது அவர், படுவது நான்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் தம்பி தங்கச்சிமாரே, மழையையும் பார்க்காமல் மட்டக்களப்பின் நாலு பக்கமும் இருந்து வந்திருக்கும் உறவுகளே, வணக்கம்.

எழுத்தால் ஆடும் இணைய விளையாட்டுக்கு உயிர் தருவது கட்டற்ற கற்பனையா, நேர்மையும் யதார்த்தமுமா என்பது கேள்வி. நேர்மையும் யதார்த்தமும்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

இந்த விளையாட்டில் படமில்லை, சத்தமில்லை. ஆளுக்கொரு பாத்திரம். என் பாத்திரம் செய்வதை நான் நாலு வரியில் எழுதுவேன், மற்றவர் தன் பாத்திரத்தின் பதிலை எழுதுவார். கதை அப்படியே வளரும்.

"கற்பனைக்கு வேலி போடாதீர்கள்" என்றார் எதிரணித் தம்பி. தம்பி, நான் மூன்று மாதம் வளர்த்த ஒரு பாத்திரம் இருந்தது. வாவியில் வலை வீசும் கிழவன். அவனுடைய பழைய கோபம், வலது காலின் நொண்டல், தோணிக்குள் ஒளித்து வைத்திருக்கும் வெற்றிலைப் பை எல்லாம் யோசித்து யோசித்துச் சேர்த்தவை. ஒருநாள் புதிதாக வந்த ஒருவர் எழுதினார்: "என் அம்பு கிழவனின் நெஞ்சைத் துளைத்தது. அவன் செத்து விழுந்தான்." ஒரே வரி! நான் குனிந்தேனா, தோணிக்குள் படுத்தேனா என்று கேட்கவே இல்லை. அன்றிரவு போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். "அம்பை எய்தான்" என்று அவர் நிறுத்தியிருக்கலாம். எய்வது அவர் உரிமை. பட்டதா, தப்பியதா என்று எழுதுவது என் உரிமை.

1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் டிரப்ஷோ தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்' விளையாட்டும் எழுத்தால் ஆனதுதான். ஆனால் அங்கே அடி பட்டதா என்று கணினி சொல்லிவிடும். நாங்கள் குழுவாக எழுதி ஆடும்போது அந்தக் கணினி இல்லை. எழுதுகிறவரின் நேர்மைதான் இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால் அங்கே என்ன மிஞ்சும், ஐயா?

அடுத்தது மெட்டாகேமிங், அதாவது ஆடுகிறவருக்கு மட்டும் தெரிந்ததைப் பாத்திரத்துக்கும் தெரிந்ததாக வைத்து ஆடுவது. என் பாத்திரம் இடுப்பில் கத்தி மறைத்திருப்பதை வாசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். மறுகா அந்த இடத்திலேயே இல்லாத ஒரு பாத்திரம் வந்து, "கத்தியை எடு" என்கிறது. எங்கள் கூத்துக் களரியை நினைத்துப் பாருங்கள். தான் வியூகத்துக்குள் புகுந்ததும் பின்னால் வரும் பாண்டவர்களைச் சயத்திரதன் மறிப்பான் என்று அபிமன்யுவுக்குத் தெரியாது. ஆடுகிறவருக்கு மனப்பாடம். சுற்றி இருக்கிற ஊருக்கும் தெரியும். ஆனாலும் மத்தளம் அதிர அவர் அபிமன்யுவாக வரும்போது அந்தக் கண்ணில் பயம் இருக்காது. "சயத்திரதன் நிற்கிறான், நான் போகமாட்டேன்" என்று அவர் நின்றுவிட்டால், விடியும் வரை பாயில் இருக்கும் சனம் எதைப் பார்க்கும்? தனக்குத் தெரிந்ததைத் தன் பாத்திரத்திடம் சொல்லாமல் வைத்திருக்கிறாரே, அந்தக் கட்டுப்பாட்டில்தான் எங்களுக்கு அழுகை வருகிறது.

"மந்திரவாதி பறக்கிற கதையில் யதார்த்தம் எங்கே?" என்று தங்கச்சி கேட்டார். நல்ல கேள்வி. பறக்கட்டும். ஆனால் நேற்றுச் சிறகு முறிந்த பறவை இன்று பறக்கக்கூடாது. கல்லடி ஊரில் வயிற்றில் வெட்டு வாங்கியவன், அடுத்த பந்தியில் 30 கிலோமீற்றருக்கு மேல் நடந்து கல்முனையில் சண்டை போடக்கூடாது. காயம் வலிக்கவேண்டும், தூரத்துக்கு நேரம் எடுக்கவேண்டும். மந்திரம் உள்ள உலகத்திலும் மந்திரத்துக்கு ஒரு விலை இருக்கவேண்டும்.

"தோற்றுக்கொண்டே இருந்தால் யார் வருவார்?" என்றும் கேட்டார்கள். கொம்புமுறி பார்த்திருக்கிறீர்களா? வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டு கட்சியாக நின்று கொம்பைப் பூட்டி இழுக்கும்போது ஒன்று முறியத்தான் வேண்டும். என் கொம்பு முறியாது என்று அடம்பிடித்தால் இழுப்பே இல்லை.

அந்தக் கிழவனுக்கு என்ன நடந்தது என்றும் சொல்கிறேன். குழுவினர் பேசி அந்த வரியை நீக்கினார்கள். எழுதியவர் மன்னிப்புக் கேட்டு, "அம்பை எய்தான்" என்று திருத்தினார். தப்பியது என்று நான் எழுதியிருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். தோளில் பட்டது என்று எழுதினேன். வலையை இழுக்க முடியாத கிழவனுக்காக அம்பு எய்தவனே தோணியில் ஏறினான். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே தோணியில் போகிறார்கள்.

நன்றி, வணக்கம்.