நஞ்சுக்கொடி செல் என்று எதை நம்புவது?

அவையோருக்கு வணக்கம்.

கருவுற்ற ஐந்தாறு நாளில் மனிதக் கரு, உள்ளே நீர் கோத்த ஒரு சிறு உருண்டை. அப்போதே பாகம் பிரிந்துவிடுகிறது: உள்ளே ஒட்டிய செல்கள் குழந்தைக்கு, வெளிச்சுவர் நஞ்சுக்கொடிக்கு. அந்தச் சுவரின் வாரிசுகளான ட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள் கருப்பைக்குள் ஊடுருவி, தாயின் சுருள் தமனிகளை அகலமாக்குகின்றன. ஊடுருவல் பாதியில் நின்றால் ப்ரீஎக்லாம்ப்சியா என்னும் கர்ப்பகால ரத்த அழுத்த நோய் வரலாம். நோய் தெரிவது பெரும்பாலும் 20 வாரத்துக்குப் பிறகு. கோளாறின் வேரோ முதல் சில மாதங்களில். அங்கே எட்டிப் பார்க்க முடியாது. சுண்டெலியிடம் கேட்போமென்றால், அதில் ஊடுருவலே மேலோட்டம்தான். எனவே ஆய்வகத் தட்டில் இந்தச் செல்களை உருவாக்க வேண்டியிருக்கிறது.

2002-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில், மனிதக் கருவின் ஸ்டெம் செல்களை முதலில் பிரித்தெடுத்த ஜேம்ஸ் தாம்சனும் பங்கேற்ற ஆய்வில், அந்தச் செல்களுக்கு, அதாவது பல வகைச் செல்லாக மாறவல்ல செல்களுக்கு, பிஎம்பி4 என்னும் சமிக்ஞைப் புரதத்தைக் கொடுத்தார்கள். செல்கள் கர்ப்ப ஹார்மோனான எச்சிஜியைச் சுரந்தன. வேலை முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். சந்தேகம் பிறகு கிளம்பியது. வழக்கமான ஸ்டெம் செல்லின் நிலை, கரு கருப்பையில் பதிந்த பின்பு உள்ள நிலை. வெளிச்சுவர் அதற்கு முன்பே பிரிந்து போயிற்றே! அப்படியானால் தட்டில் வந்தவை பனிக்குடச் சவ்வின் செல்களாக இருக்கலாமே? இரண்டுக்கும் பொதுவான அடையாளப் புரதங்கள் பல உண்டு.

என்னைக் கேட்டால், இந்தத் துறைக்கு நடந்த பெரிய நன்மை இந்தச் சண்டைதான். 2016-இல் ஒரு குழு, ஒரே அடையாளம் போதாது, எல்லாம் சேர்ந்து பொருந்தட்டும் என்று அளவுகோல் வகுத்தது. அதில் எனக்குப் பிடித்தது எல்ஃப்5 மரபணுச் சோதனை. மெத்தில் என்பது மரபணுவை அடக்கிவைக்கும் வேதி ஒட்டு. உண்மையான ட்ரோஃபோபிளாஸ்ட்டில் எல்ஃப்5 மேலுள்ள இந்த மெத்தில் பூட்டு திறந்திருக்கும். சாதாரண ஸ்டெம் செல்லில் பூட்டியிருக்கும். புரதத்தைப் பார்த்து ஏமாறலாம், இதில் ஏமாறுவது கடினம்.

2018-இல் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகக் குழு, நிஜ நஞ்சுக்கொடியிலிருந்தும் ஆரம்பக் கருவிலிருந்தும் ட்ரோஃபோபிளாஸ்ட் ஸ்டெம் செல்களைப் பிரித்து நீண்ட நாள் வளர்த்துக் காட்டியது. ஒப்பிட அசல் கிடைத்துவிட்டது. 2020-இல், கருப்பதிவுக்கு முந்தைய ‘நைவ்’ நிலைக்குத் திருப்பிய மனித ஸ்டெம் செல்களை தொஹோகு குழுவின் அதே வளர்ப்புக் கரைசலில் வளர்த்தபோது, அந்த அசலை ஒத்த செல்கள் வந்தன. சுண்டெலியின் ஸ்டெம் செல் இதை இவ்வளவு எளிதில் செய்யாது.

சிக்கல் தீரவில்லை. நைவ் நிலைக்குப் போகையில், தாய்வழியா தந்தைவழியா என்று மரபணுக்களில் பதிந்த மெத்தில் முத்திரைகள் பல அழிகின்றன. அந்த முத்திரைகளை அதிகம் நம்பியிருக்கும் உறுப்பு நஞ்சுக்கொடிதான். நோயுற்ற கர்ப்பத்தின் தொப்புள்கொடிச் செல்லை ஸ்டெம் செல் நிலைக்குப் பின்னோக்கித் திருப்பி, மீண்டும் ட்ரோஃபோபிளாஸ்ட்டாக்கும் ஆய்வுகளும் நடக்கின்றன. அவற்றில் மரபணுக் கோளாறு தெரியலாம். தாயின் உடற்சூழல் விட்ட சுவடோ, திருப்பும்போதே பெரும்பாலும் போய்விடும்.