விரல் தொட்டால் மூளையில் வெளிச்சம்

(நாகர்கோவிலில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, மழையைப் பொருட்படுத்தாமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மன்றத்தைத் திறந்துவிட்ட நூலக அன்பர்களே, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத் தோவாளையிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் பூக்கட்டும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். தலைமையாசிரியை அம்மாவிடம் நான் படித்தவன். அவர் கரும்பலகையில் வண்ணச் சுண்ணாம்பால் வரைந்த தவளையின் இதயம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம் என்று ஔவை பாடியதற்கு அந்தக் கையே எனக்கு முதல் சாட்சி.

இன்று மூன்று செய்திகள். தொடு உணர்வு மூளைக்கு எப்படிப் போகிறது, அங்கே நடப்பதை எப்படிப் படம் பிடிக்கிறார்கள், அதனால் நம் பிள்ளைகளுக்கு என்ன. முதலாவதை மருத்துவர் ஐயா என்னைவிட நன்றாகச் சொல்வார் என்பதால் இரண்டாவதற்குப் போகிறேன்.

எலி இருட்டில் மீசையால்தான் வழி பார்க்கிறது. அதன் பெரிய மீசைமயிர் ஒவ்வொன்றுக்கும் மூளையின் மேற்பட்டையில் தனித்தனி இடம் உண்டு. பீப்பாய் போன்ற அந்தச் செல் கூட்டங்கள், முகத்தில் மீசை நிற்கும் அதே வரிசையில் அமைந்திருப்பதை 1970-இல் வுல்சி, வான் டெர் லூஸ் என்ற இருவர் கண்டு சொன்னார்கள். ஆனால் வெட்டிப் பார்த்த மூளையில் இடம்தான் தெரியும், நடப்பு தெரியாது. நடப்பைக் காட்ட ஒரு விளக்கு வேண்டியிருந்தது. அந்த விளக்கு கடலிலிருந்து வந்தது. குளச்சலில் வலை இழுக்கிறவர்கள் கையில் பட்டால் அரிக்கும் என்று வீசி எறிகிறார்களே, ஜெல்லி மீன், அந்த இனத்தைச் சேர்ந்த ஒன்றிலிருந்து பச்சையாக ஒளிரும் புரதத்தை 1962-இல் பிரித்தெடுத்தார் ஷிமொமுரா. 2008-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற மூவரில் அவரும் ஒருவர். அந்தப் புரதத்தை, கால்சியம் வந்து ஒட்டினால் பளிச்சிடும்படி 2001-இல் ஜப்பானில் மாற்றி அமைத்தார்கள். எலியின் நரம்புச் செல்லுக்குள் அந்தப் புரதம் இருந்தால் போதும்; செல் துடிக்கும்போதெல்லாம் கால்சியம் உள்ளே பாயும், செல் மின்னும். மண்டையோட்டில் சின்னக் கண்ணாடிச் சன்னல் வைத்து, அகச்சிவப்பு லேசர் நுண்ணோக்கியால் அரை மில்லிமீட்டர் ஆழம் வரை பார்த்தால் நூற்றுக்கணக்கான செல்களை ஒரே நேரத்தில் கவனிக்கலாம். இந்த நுண்ணோக்கியை 1990-இல் உருவாக்கியவர்களில் ஒருவர் வின்ஃபிரெட் டெங்க்.

ஒரு மயிரைத் தொட்டால் அதற்குரிய கூட்டம் முழுவதும் எரியும் என்றுதான் நினைப்போம். எரிவதில்லை! சில செல்கள் பலமாக மின்னுகின்றன, பல சும்மா இருக்கின்றன, அடுத்த முறை தொட்டால் மின்னுகிறவற்றில் சில மாறிவிடுகின்றன. பழகப் பழக அந்த மின்னலின் கோலமும் மாறுகிறது. கைப்பழக்கம் என்று ஔவை சொன்னது மூளைக்குள் இப்படித்தான் நடக்கிறது.

இங்கே என் அத்தையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஓணத்துக்கு முந்திய இரவு. கேரளத்துக்குப் போக வேண்டிய பிச்சிப்பூ கூடை கூடையாக வந்து இறங்கியிருக்கிறது. கரண்ட் போய்விட்டது. மண்ணெண்ணெய் விளக்கைத் தேடி நான் அடுக்களைக்கும் திண்ணைக்கும் ஓடுகிறேன். அத்தை எழுந்திருக்கவே இல்லை. நனைத்த வாழைநார் மடியில், இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு முடிச்சு. கும்மிருட்டில் அந்தச் சத்தம் மட்டும் ஒரே தாளத்தில் கேட்கிறது. திடீரென்று நின்றது. ‘மக்களே, இந்தக் கூடையில் நேற்றைய பூவைக் கலந்திருக்கிறான்’ என்றார். இருட்டில் எப்படித் தெரியும் அத்தை என்றேன். என் கையைப் பிடித்து இரண்டு மொட்டுகளை வைத்தார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. ‘இது விறைப்பாக இருக்கிறது, குளிர்ச்சி உண்டு. இது துவண்டிருக்கிறது, காம்பில் ஈரம் போய்விட்டது’ என்றார். விளக்கு வந்ததும் கூடையைக் கொட்டிப் பார்த்தோம். அடியில் பாதி, ஓரம் பழுத்த பழைய பூ! ஏழு வயதில் நார் பிடித்த விரல் அது.

வயதை ஏன் சொல்கிறேன் என்றால், வயலின் போன்ற தந்தி வாத்தியக்காரர்களின் மூளையை 1995-இல் ஜெர்மனியில் ஆராய்ந்தார்கள். தந்தியை அழுத்தும் இடக்கை விரல்களுக்கு மூளையில் மற்றவர்களைவிடக் கூடுதல் இடம் இருந்தது. அதுவும் சிறு வயதில் தொடங்கியவர்களுக்கே அதிகம்.

நம் பள்ளிகளில் கைத்தொழில் பாடவேளை என்று ஒன்று இருந்தது. நான் தக்ளியில் நூல் நூற்றேன், பனையோலையில் பெட்டி முடைந்தேன். என் பேத்தி படிக்கும் பள்ளியில் அந்த மணிநேரத்தைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். கேட்டதற்கு, தேர்வில் மதிப்பெண் இல்லாத பாடம் எதற்கு என்றார்கள். பனையேறும் ஊர், தறி போட்ட வடசேரி, கயிறு திரிக்கும் கடற்கரை, இவற்றின் பிள்ளைகளுடைய விரல்கள் கண்ணாடித் திரையைத் தேய்ப்பதோடு நின்றுவிடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சித்திரமும் கைப்பழக்கம்! பழக்க வேண்டிய வயதில் கையைக் கட்டிவைத்தால் சித்திரம் எங்கிருந்து வரும்?

மாவட்டப் பள்ளிகள் எல்லாவற்றிலும் ஆறாம் வகுப்பு முதல் வாரத்துக்கு இரண்டு கைத்தொழில் பாடவேளை வேண்டும், கற்றுக்கொடுக்க இந்தத் தாய்மார்களையே ஊதியம் தந்து அழைக்க வேண்டும் என்று மனு எழுதி வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறோம். முதல் கையெழுத்தைத் தலைமையாசிரியை அம்மா போட்டுவிட்டார். பக்கத்தில் ஒரு கூடை பிச்சியும் நனைத்த நாரும் இருக்கின்றன. குழந்தைகளை அழைத்து வந்தவர்கள் ஒரு முழம் கட்டவைத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். வணக்கம்.