பிறந்தநாள் விருந்தை விடுங்கள், வாத்தியார் சம்பளத்தைக் கொடுங்கள்

வணக்கம். பஸ் சத்தத்துக்கு மன்னியுங்கள். சிங்கப்பூர் பார்ட்லி சாலையில் நிற்கிறேன், ஒன்று போனால் அடுத்தது வந்துவிடுகிறது. எனக்குப் பின்னால் தெரிவது ராமகிருஷ்ணா மிஷன். இங்கே நின்று பேசக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

சென்ற காணொளியின் கீழே ஓர் அக்கா எழுதியிருந்தார்: "தம்பி, டிசம்பர் விடுமுறைக்குச் சென்னை போகிறோம். மகன் பிறந்தநாளை ஆதரவற்ற பிள்ளைகள் தங்கும் ஓர் இல்லத்தில் அவர்களோடு கொண்டாடலாம் என்று இருக்கிறோம். நல்ல இல்லமாகச் சொல்லுங்கள்." அக்காவின் மனம் பெரியது. ஆனால் என் பதில் அவருக்குப் பிடிக்காமல் போகலாம்.

தெருவிலிருந்து மீட்கப்பட்ட பையன்கள் தங்கும் இல்லம் ஒன்றைச் சென்னையில் பார்த்திருக்கிறேன். ஞாயிறு என்றால் பிரியாணி, கேக், பலூன். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும், காரும் கிளம்பிவிடும். அங்கிருந்த பையன்களில் பலருக்குத் தாங்கள் பிறந்த தேதியே தெரியாது. முன்பின் தெரியாத ஒருவருடைய பிறந்தநாளுக்கு வரிசையில் நின்று கை தட்டுகிறார்கள். திங்கட்கிழமை அவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டிய வாத்தியார் பணியிடமோ காலியாகக் கிடக்கிறது. சம்பளம் கொடுக்க யாரும் முன்வரவில்லையாம். விருந்துக்கு ஆள் வரிசையில் நிற்கிறது, சம்பளத்துக்கு ஒருவரும் இல்லை. அன்னதானத்தில் நமக்கு இருக்கும் ருசி அப்படி.

தெருவில் இருக்கும் பிள்ளை என்றாலே அநாதை என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. சிலர் பெற்றோரோடு நடைபாதையிலேயே குடியிருப்பவர்கள். சிலர் அடி தாங்காமலோ, தேர்வில் தோற்றோ, வேலை தேடியோ ரயில் ஏறியவர்கள். அதனால்தான் ரயில் நிலையம் இதில் முக்கியமான இடம். ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசி, சைல்டுலைன் 1098, 1996இல் மும்பையில் தொடங்கி இந்தியா முழுக்கப் பரவியது. அழைப்பு வந்தால் ஆள் போக வேண்டும். பிளாட்ஃபாரத்தில் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அவசரப்படாமல் பேச்சுக் கொடுத்து, நம்பிக்கை பெற வேண்டும். மீட்ட பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். இல்லத்தில் வைப்பதா, வீட்டுக்கே திருப்பி அனுப்புவதா என்பதை அந்தக் குழுதான் முடிவு செய்யும். வீடு பாதுகாப்பாக இருந்தால் வீட்டுக்கு அனுப்புவதே நல்லது. இல்லத்தில் எத்தனை தலை என்று எண்ணிப் பெருமைப்படும் நிர்வாகியைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

தங்குமிடம் என்றால் கட்டிலும் கூரையும் மட்டும் என்று நானும் நினைத்திருந்தேன். நான் பார்த்த இல்லத்தில் ஒரு பையன், பத்து வயதிருக்கும், இரவில் செருப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தான். பிளாட்ஃபாரத்தில் முதலில் திருடு போவது செருப்புதானாம். வார்டன் அவனைத் திட்டவில்லை. ஆளுக்கொரு தகரப் பெட்டி, பூட்டு, சாவி கொடுத்திருந்தார். சாவியை அவன் அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தான். செருப்பு எப்போது பெட்டிக்குள் போகிறதோ அப்போதுதான் பள்ளிக்கூடப் பேச்சை எடுப்போம் என்றார் வார்டன். அதற்குச் சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் ஆகுமாம். நன்கொடைக் கையேட்டில் இதெல்லாம் அச்சாகாது.

அடுத்து கைத்தொழில். நான் கொஞ்சம் கோபமாகப் பேசப்போவது இதைப் பற்றித்தான். எந்த இல்லத்துக்குப் போனாலும் மெழுகுவத்தி, காகிதப் பை, வாழ்த்து அட்டை. வாங்குவது யார்? வருகிற விருந்தினர்தான், அதுவும் இரக்கத்தில். அதை நம்பி ஒருவன் வாடகை கட்ட முடியுமா? ஏசி மெக்கானிக், வெல்டர், எலெக்ட்ரீஷியன் என்றால் பிழைத்துக்கொள்வான். ஆனால் அந்தப் படிப்புகளுக்கு ஐடிஐயில், அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில், இடம் வேண்டுமென்றால் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கிறார்கள், சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பு. "படிப்பு ஏறாது, தொழில் கற்றுக்கொடுத்தால் போதும்" என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். படிப்பைக் கைவிட்டால் நல்ல தொழிலும் கூடவே போய்விடும். 14 வயதுக்கு உட்பட்டவரை வேலையில் வைக்கவும் கூடாது.

பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் ஒரு வாரம் தாங்க மாட்டான். இதற்கு 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனியாகச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்குத்தான் ஆள் வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் என்று அலுவலகம் அலுவலகமாக அலையவும் ஆள் வேண்டும். சம்பளத்துக்குக் கொடுங்கள் என்று நான் முட்டிக்கொள்வது இதனால்தான்.

18 வயது ஆனதும் இல்லத்தின் கதவு மூடிவிடும். சட்டம் 21 வயது வரை பின்பராமரிப்புக்கு, அதாவது இல்லத்தை விட்டுப் போனபின் கொடுக்கும் உதவிக்கு, இடம் தருகிறது. நடைமுறையில் ஓர் அறை வாடகை, முன்பணம், ஆபத்துக்கு அழைக்க ஒரு தொலைபேசி எண், இவை இல்லாமல் போகிறவன் மறுபடி பழைய இடத்துக்கே போய்ச் சேரலாம். இந்த வயதுப் பையன்களுக்கு யாரும் கேக் வாங்கி வருவதில்லை. மீசை முளைத்துவிட்டதே!

சரி, பார்ட்லி சாலைக்கு வருகிறேன். சிங்கப்பூரில் ஏது தெருப்பிள்ளைகள் என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்த இடம். ஜப்பானியர் ஆட்சி 1945இல் முடிந்தபோது இங்கேயும் பெற்றோரை இழந்த பிள்ளைகள் தெருவில் இருந்தார்கள். 1946இல் சமூகநலத் துறை தொடங்கியது, அடுத்த ஆண்டே பசித்த பிள்ளைகளுக்கு உணவு மையங்கள் வந்தன. ஆதரவற்ற சிறுவர்களுக்காக இந்த மிஷன் சிறுவர் இல்லம் நடத்தியது, இன்றும் நடத்துகிறது. 1948இல் பாய்ஸ் டவுன் என்ற இன்னொரு சிறுவர் இல்லம் வந்தது. உணவோடு யாரும் நின்றுவிடவில்லை. 2003 முதல் தொடக்கக் கல்வி இங்கே கட்டாயம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தேறாதவர்களுக்கென்றே 2007இல் நார்த்லைட் பள்ளி திறக்கப்பட்டது. தோற்ற பிள்ளையை வீதிக்கு விடாமல் கைத்தொழிலோடு படிப்பைச் சேர்த்துக் கொடுக்கும் இடம் அது.

இனிப் பண விஷயம். சிங்கப்பூர்க் குடிமகன் இந்தியாவில் ஒரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுப்பது, நேரில் ரூபாயாகக் கொடுத்தாலும், அந்நாட்டுச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. நிறுவனத்துக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவு இருக்க வேண்டும். பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் அவர்களுக்குள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும். "என் சொந்தக் கணக்குக்கு அனுப்புங்கள் சார்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதற்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. இங்கே பொதுமக்களிடம் வெளிநாட்டுக்காக நிதி திரட்ட வேண்டுமென்றால் அறநிறுவனங்களுக்கான ஆணையரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆகவே லிட்டில் இந்தியாவில், தேக்காவில் உண்டியல் குலுக்கக் கிளம்பிவிடாதீர்கள்.

இந்தக் காணொளியில் அந்த இல்லத்துப் பிள்ளைகளின் படம் ஒன்றுகூட இல்லையே என்று கேட்பீர்கள். இந்தியாவின் இளைஞர் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகளின் பெயர், பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் போனாலும் கைப்பேசியைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். "படம் எடுத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை" என்று நிர்வாகியே சொன்னால், அந்த இல்லத்துக்குப் பணம் கொடுக்குமுன் மறுபடி யோசியுங்கள்.